வங்காளத்துப் பெரியவருக்கு நான் போட்ட மாலை

எங்கள் தெருவில் மாமாவுக்குப் பட்டப்பெயர் கல்கத்தா. அம்மாவின் தம்பியான அவர், துறைமுக வேலையாக ஒரு வருடம் அந்த ஊரில் இருந்துவிட்டு வந்தவர். அங்கே ஒரு படம் பார்த்தாராம். பாஷை புரியாமலே மூன்று முறை பார்த்தாராம். எம்.கே.பி. நகர் குடியிருப்பில் இந்தக் கதையைக் கேட்டுச் சலிக்காதவர் யாருமில்லை.

எனக்கு எட்டு வயதிருக்கும். அந்தப் படத்தை எடுத்த வங்காளத்துப் பெரியவருக்கு, வாழ்நாள் முழுக்கச் செய்த வேலைக்காக உலகத்தின் பெரிய சினிமா விருதைக் கொடுத்தார்கள். ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்தபடியே அவர் அதை வாங்கிக்கொண்டதை டிவி செய்தியில் காட்டினார்கள். மாமா தனக்கே கிடைத்ததுபோலக் குதித்தார். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் தெருவில் வாடகை வீடியோ டெக் வைத்து அந்தப் படத்தைப் போடுவதென்று கிளம்பிவிட்டார்.

வீடு வீடாகப் போய்க் கூப்பிட்டார். "பைட்டு கீதா? பாட்டு கீதா? இல்லியா? அப்பால இன்னாத்துக்கு மாமு?" என்று கேட்டுச் சிரித்தார்கள். அவரும் சிரித்துவிட்டுத்தான் வந்தார். ஆனால் அம்மாவிடம், "பத்து பேரு வந்தா போதும்க்கா, மானம் பொயச்சிக்கும்," என்றபோது குரல் இறங்கியிருந்தது. எனக்குப் பாவமாக இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை டெக் எடுத்துவரப் போகும்போது, பெரியவர் ஆஸ்பத்திரிக் கட்டிலில் விருதோடு இருப்பதாகப் பேப்பரில் வந்த படத்தை அட்டையில் ஒட்டி வாசலில் வைக்கும்படி என்னிடம் சொல்லிவிட்டுப் போனார். வெறுமனே வைக்க எனக்கு மனம் வரவில்லை. எங்கள் வீட்டுச் சுவரில் புத்தர், சட்டம் எழுதிய தலைவர், அப்பாவைப் பெற்றவர் என்று மரியாதைக்குரிய எல்லோரும் மாலையோடுதான் இருந்தார்கள். பூக்காரம்மாவிடம் கெஞ்சி ஒரு ரோஜா மாலை வாங்கிப் போட்டேன். முன்னால் ஒரு விளக்கு, இரண்டு ஊதுவத்தி. பார்க்க லட்சணமாக இருந்தது.

மாமா திரும்பி வந்தபோது தெருவே வாசலில் நின்றது. ஒரு நொடி அவர் முகம் மலர்ந்ததைப் பார்த்தேன். அதற்குள், காகிதம் கொளுத்திப் பறையைக் காய்ச்சிக்கொண்டிருந்தவர் எழுந்து வந்து அவர் தோளைப் பிடித்தார்.

"யாரு மாமு பூட்டாங்க? கல்கத்தாவுல சொந்தமா?"

"ஐய, அவரு உயிரோட கீறாருபா! பிரைஸு வாங்கிகீறாரு!"

மீன்கார அக்கா கையில் மாலையோடு முன்னால் வந்தார். "உயிரோட கீறவருக்கு எவன்டா மால போட்டது?"

நான் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் ஒளிந்துகொண்டேன். எங்கள் தெருவில் கல்யாணத்துக்குப் போகாமல் இருந்துவிடுவார்கள். சாவுக்குப் போகாமல் இருக்கமாட்டார்கள். வந்தவர்கள் இப்போது முகம் சுளித்துக்கொண்டு திரும்பத் தொடங்கினார்கள். மாமா டெக்கைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றார்.

மீன்கார அக்கா ஆஸ்பத்திரிக் கட்டில் படத்தைக் குனிந்து பார்த்தார். "படுக்கையில வியுந்தப்பறந்தான் குட்த்தாங்களா? அட பாவமே." என் மாலையைக் கழற்றிக் கீழே வைத்தார். பிறகு பாயில் சம்மணமிட்டு உட்கார்ந்தார். "வந்தது வந்துட்டோம். அப்டி இன்னாதான் எட்துகீறாருன்னு பாப்போம், போடு."

அவர் உட்கார்ந்தால் தெரு உட்காரும். பாதிப் படத்தில் பறைக்காரர் பறையை மடியில் வைத்துக்கொண்டு அழுதார். படம் முடிந்ததும் அக்கா, "ஆஸ்பத்திரில கூட யாருனா கீறாங்களா அவருக்கு?" என்று மட்டும் கேட்டார். மாமாவிடம் அடி வாங்கத் தயாராக இருந்தேன். அவர் என்னைத் தூக்கி இறுக்கிக்கொண்டார். ஏன் என்று தெரியவில்லை.

சில வாரங்களில் அந்தப் பெரியவர் இறந்துபோனார். என் மாலைதான் அவரைக் கொன்றது என்று நம்பி நான் சாப்பிடவில்லை. அன்று சாயங்காலம் மாமா அவருடைய இன்னொரு படத்தைப் போட்டார். நான் பூ வைக்கவில்லை, விளக்கேற்றவில்லை. மாமா யாரையும் கூப்பிடவுமில்லை. ஆனாலும் இடம் பிடிக்க நாலு மணிக்கே பாயோடு வந்துவிட்டார்கள். பறை இல்லை, மாலை இல்லை, அழுகையும் இல்லை. இதென்ன சாவுக்கு வந்தவர்கள் இப்படி வந்திருக்கிறார்களே என்று எனக்குக் கோபமாக வந்தது.