அரைச்சாமிக்குக் கட்டிய பொட்டலம்

இதை எழுதுவதால் ஒன்றும் ஆகப்போவதில்லை. யாருக்கும் எதுவும் திரும்பக் கிடைக்காது. இருந்தாலும் ஒருமுறை வரிசையாகச் சொல்லிப் பார்க்கிறேன்.

மேசையைச் சுற்றி உட்கார்ந்து, ஆளுக்கொரு பாத்திரமாகி, கதையை வாயாலேயே நடத்தும் ஆட்டம் ஒன்று இருக்கிறது. ஒருவர் உலகத்தைச் சொல்வார். மற்றவர்கள் அந்த உலகத்தில் தாங்கள் என்ன செய்கிறோம் என்று சொல்வார்கள். நினைத்தது நடக்குமா நடக்காதா என்பதைப் பகடை உருட்டித் தெரிந்துகொள்வார்கள். உலகத்தைச் சொல்கிற ஆளுக்கு கேம் மாஸ்டர் என்று பெயர். பெண் பார்க்கப் போன இடத்தில் பொழுதுபோக்கு என்ன என்று கேட்டார்கள் என்பதற்காக இதை ஒருமுறை விளக்கினேன். காபி ஆறுவதற்குள் அந்தச் சம்பந்தம் கலைந்துபோனது.

கணபதி என்கிற பகுதியில் என் வீட்டு மாடியறையில் ஞாயிறு மதியங்களில் ஆடுவோம். கீழே லேத் பட்டறை; ஞாயிறன்று மட்டும்தான் அது வாயை மூடும். நான் ஒரு பம்பு கம்பெனியில் கம்ப்யூட்டரில் வரைபடம் போடுகிறவன். ஆட வருகிறவர்கள் மூன்று பேர். ஒருவர் பள்ளியில் கணக்கு எடுக்கும் டீச்சர், இன்னொருவர் மருந்துக்கடை வைத்திருப்பவர், மூன்றாவது ஆள் என்னோடு பாலிடெக்னிக்கில் படித்த நண்பன். அவன் மோட்டாருக்குச் செப்புக் கம்பிக் காயில் கட்டும் பட்டறை வைத்திருக்கிறான்.

வெளிநாட்டுப் புத்தகங்களை வைத்து ஆடி அலுத்துப்போய், நானே ஒரு நீண்ட கதையை வடிவமைக்க உட்கார்ந்தேன். ஆடுகிறவர்கள் அரைத் தெய்வங்களாக மாறும் கதை. அந்தப் புத்தகங்களில் அரைத் தெய்வம் என்றால் அப்பன் சாமி, ஆத்தா மனுசி, பிறக்கும்போதே கையில் மின்னல். எனக்கு அது எரிச்சலாக இருந்தது. எங்கள் பக்கத்தில் சாமியாவதற்கு அப்படிச் சலுகையெல்லாம் கிடையாது. முதலில் சாக வேண்டும். அதுவும் நல்ல சாவாக இருக்கக்கூடாது. கிணறு வெட்டும்போது மண் சரிந்து செத்தவர், மாட்டைக் காப்பாற்றப் போய் வெட்டுப்பட்டவர், கல்யாணத்துக்கு முந்தின வாரம் காய்ச்சலில் போன பெண் என்று இப்படிப்பட்டவர்களுக்குத்தான் யாராவது ஒரு கல்லை நட்டு, விளக்கு வைத்து, இரண்டு தலைமுறையில் சாமியாக்கிவிடுவார்கள். என் ஆட்டத்திலும் அதுதான் விதி. முதல் வாரம் எல்லோரும் சாக வேண்டும். இரண்டாவது வாரம் ஊரார் கல் நடுவார்கள். அதற்குப் பிறகு, வேண்டிக்கொள்ள வருகிறவர்களின் எண்ணிக்கையைப் பொறுத்துச் சக்தி ஏறும், இறங்கும்.

"அப்ப நாங்க முழுச்சாமி இல்லியா? அரைச்சாமிதானா?" என்று கேட்டான் நண்பன். அன்றிலிருந்து அந்த ஆட்டத்துக்கே அரைச்சாமி என்று பெயராகிவிட்டது.

விதிகளிலேயே எனக்கு அதிகக் கர்வம் தந்தது, பகடையைத் தூக்கிவிட்டுப் பூ கேட்பதைக் கொண்டுவந்ததுதான். எங்கள் பக்கத்துக் குடும்பங்களில் எதைத் தொடங்கினாலும் குலசாமி கோயிலில் பூ கேட்பார்கள். வெள்ளை அரளியை ஒரு பொட்டலத்திலும் சிவப்பு அரளியை இன்னொன்றிலும் மடித்துச் சாமி முன்னால் போட்டு, ஒன்றை எடுத்துப் பிரிப்பார்கள். வெள்ளை வந்தால் செய்யலாம், சிவப்பு வந்தால் வேண்டாம். போர்வெல் போடுவது, பெண் எடுப்பது, ஆபரேஷனுக்குச் சம்மதிப்பது எல்லாம் இப்படித்தான். என் ஆட்டத்தில் கல்லின் முன்னால் வந்து கேட்கிறவருக்கு அரைச்சாமி பதில் சொல்லியே ஆக வேண்டும், ஆனால் பூவால் மட்டும்தான் சொல்ல முடியும். எந்தப் பூ வரும் என்பது சாமிக்கே தெரியாது. மனிதரோடு சேர்ந்து சாமியும் காத்திருக்கும். இதை எழுதி முடித்த அன்று ஆபீசில் நாற்காலியைப் பின்னால் சாய்த்து, பெரிதாக ஏதோ சாதித்துவிட்டது போல உட்கார்ந்திருந்தேன். இப்போது அந்த ஆளைப் பார்த்தால் கன்னத்தில் ஒன்று வைப்பேன்.

நண்பனைப் பற்றிச் சொல்ல வேண்டும். கல்யாணமாகி நான்கு வருடத்தில் அவன் மனைவி வெள்ளகோவிலில் இருக்கும் தாய் வீட்டுக்குப் போய்விட்டாள். சண்டை என்று எதுவும் இல்லை. அவன் குடித்ததில்லை, கை நீட்டியதில்லை. பேசியதும் இல்லை. காலையில் பட்டறைக்குப் போவான், வருவான், சாப்பிடுவான், படுப்பான். "செவுத்தோட பேசிட்டிருக்கறதுக்கு எங்கம்மா ஊட்டுச் செவுரே போதுங்ணா" என்று ஒருமுறை என்னிடம் சொன்னாள். குழந்தை இல்லை. ஆனால் ஞாயிறன்று மேசையில் உட்கார்ந்துவிட்டால் அவன் வேறு ஆள். கிணற்று மண்ணில் புதைந்து செத்த ஒரு கிழவனாக அவன் பேசியபோது டீச்சர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். இந்தப் பேச்சில் கால்வாசியை வீட்டில் பேசியிருந்தால் போதுமே என்று எனக்கு ஆத்திரமாக வரும். ஒருநாளும் நான் அதைச் சொன்னதில்லை.

அவள் போய் ஒன்றரை வருடம் கழித்து வக்கீல் மூலமாகக் காகிதம் அனுப்பினாள். இருவரும் சம்மதித்துப் பிரிவதற்கான மனு. அவன் கையெழுத்துப் போட்டால் போதும். வெள்ளிக்கிழமை பட்டறைக்குப் போனபோது அதை என்னிடம் காட்டினான். திங்கட்கிழமை வக்கீல் வரச்சொல்லியிருந்தார். "போட்டுறலாம்னு இருக்கறேன் மாப்ள" என்றான். குரலில் ஒன்றுமே இல்லை. நான் "சேரி" என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தேன்.

அந்த ஞாயிறு, ஒருவர் சாமியாக இருக்கும்போது மற்றவர்கள் வேண்ட வருகிறவர்களாக ஆட வேண்டும். டீச்சரின் முறை. பஞ்சத்தில் தன் பங்குத் தண்ணீரைக் கொடுத்துவிட்டுச் செத்த ஒரு பெண்ணாக அவர் இருந்தார். மருந்துக்கடைக்காரர் காணாமல் போன எருமையைக் கேட்டுவிட்டுப் போனார். அடுத்து நண்பன் நாற்காலியை விட்டு எழுந்து, தரையில் உட்கார்ந்து கும்பிட்டான்.

"ஆத்தா, எம்பட சம்சாரம் அவிக அம்மா ஊட்டுக்குப் போயி ஒன்றரை வருசமாச்சுங்க. காத்திருந்தா வருவாளா? இல்ல, உட்டுப்போட்றதுங்களா?"

டீச்சர் என்னைப் பார்த்தார். ஆட்டத்தை அங்கேயே நிறுத்தியிருக்க வேண்டும். "வாடா, கீழே போய் டீ குடிக்கலாம்" என்று சொல்லியிருந்தால் முடிந்திருக்கும். நானோ, கேம் மாஸ்டர், "பூ கட்டிக்கிட்டு வாரேன்" என்று சொல்லிவிட்டு எழுந்து போனேன்.

அடுப்படி மேடையில் காலையிலேயே பறித்து வைத்த அரளி இருந்தது. வெள்ளையை, அதாவது காத்திரு என்பதை, ஒரு தாளில் மடித்தேன். இன்னொரு தாளை விரித்து, சிவப்பைக் கையில் எடுத்தேன். அவன் தரையில் உட்கார்ந்திருந்த விதம் கண்ணிலேயே நின்றது. சிவப்பு வந்தால் அந்த முகத்தை நான்தான் எதிரில் உட்கார்ந்து பார்க்க வேண்டும். அதோடு, உண்மையைச் சொல்வதானால், எட்டு மாதமாக நடந்துவரும் என் கதை அந்த மதியத்தோடு குலைந்துவிடும் என்றும் பயந்தேன். இரண்டில் எது பெரிய காரணம் என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை. சிவப்பைக் குப்பையில் போட்டுவிட்டு இரண்டாவது தாளிலும் வெள்ளையை மடித்தேன். ஒரு நாளாவது சந்தோஷமாக இருக்கட்டுமே, திங்கட்கிழமை காகிதத்தில் எப்படியும் கையெழுத்துப் போட்டுவிடுவான் என்று நினைத்தேன்.

கோயிலில் என்றால் ஒரு குழந்தையை விட்டு எடுக்கச் சொல்வார்கள். இங்கே அவனே எடுத்தான். பிரித்தான். வெள்ளையைப் பார்த்ததும் குனிந்து தலையைத் தரையில் வைத்து, வெகுநேரம் நிமிரவில்லை. மிச்சமிருந்த பொட்டலத்தை நான் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன்.

திங்கட்கிழமை அவன் வக்கீலிடம் போகவில்லை.

அதற்குப் பிறகு மாதம் ஒருமுறை காங்கேயம் போய், அங்கிருந்து பஸ் மாறி வெள்ளகோவில் போய் வர ஆரம்பித்தான். அவள் வீட்டில் தின்பண்டம் ஏதாவது கொடுப்பார்கள், சாப்பிட்டுவிட்டு வந்துவிடுவான். அங்கேயும் பேச மாட்டான். ஞாயிறு ஆட்டம் நின்றுபோனது. டீச்சருக்கு ஊர் மாறுதல் வந்தது. மருந்துக்கடைக்காரர் சாக்குச் சொன்னார். எனக்கும் எழுதுவதற்குக் கை வரவில்லை. மூன்று வருடம் போனது.

போன தை மாதத்தில் அவள் எனக்குப் போன் செய்தாள். காங்கேயத்தில் ஒரு பள்ளியில் வேலை பார்ப்பதாகச் சொன்னாள். அவளைக் கல்யாணம் செய்துகொள்ள ஒருவர் கேட்கிறார். மனைவியை இழந்தவர், ஒரு பெண் குழந்தை இருக்கிறது. அவளுக்கும் பிடித்திருக்கிறது. அவர் வீட்டில் சித்திரை வரைதான் பொறுப்பார்களாம்.

"அவர் கையெழுத்துப் போடாம நானா வழக்குப் போடறதுன்னா அவர் மேல குத்தம் சொல்லோணுமாங்ணா. வக்கீல் கேக்கறாரு, என்ன பண்ணுனாருன்னு. ஒண்ணும் பண்ணலைன்னு சொன்னா சிரிக்கறாரு. நீங்க சொன்னா கேப்பாருங்ணா. ஒரு கையெழுத்துத்தானுங்க."

குற்றமே இல்லாத மனிதனை விட்டு வெளியே வருவதற்கு வழி இல்லை என்பது அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது. சொல்கிறேன் அம்மணி என்றேன்.

மறுநாள் காலை பட்டறைக்குப் போனேன். வார்னிஷ் வாடை மூக்கில் ஏறியது. ஒரு போர்வெல் மோட்டாருக்குச் செப்புக் கம்பியைச் சுற்றிக்கொண்டிருந்தான். எல்லாவற்றையும் சொன்னேன். அவள் போன் செய்ததை, சித்திரையை, கடைசியில் பூவை. இரண்டு பொட்டலத்திலும் வெள்ளையைத்தான் வைத்தேன் என்று சொல்லும்போது தரையில் கிடந்த கம்பித் துண்டுகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். என்னை அடிப்பான் என்று எதிர்பார்த்தேன். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

அவன் கம்பியை விடாமல் கேட்டான். "அன்னைக்குச் செவப்பு இல்லியா?"

"இருந்துச்சு. கையிலதான் வெச்சிருந்தேன்."

"கையில வெச்சிருந்தும் மடிக்கல."

"ஆமா. நான் பண்ணுனதுதான். ஏமாத்திப்போட்டேன்."

கம்பியைக் கீழே வைத்தான். முகத்தில் ஒரு வெளிச்சம். மூன்று வருடத்தில் நான் பார்க்காதது. "நீ பண்ணுனியா? அந்த நேரத்துல உங்கையத் தடுத்தது ஆரு மாப்ள? சாமி எந்திரிச்சு வந்தா பூ மடிக்கும்? ஆராச்சும் ஒருத்தர் கையிலதான் மடிக்கும். செவப்பே வரக்கூடாதுன்னு ரெண்டுலயும் வெள்ளைய வெச்சிருக்குது பாரு."

எனக்குக் கோபம் தலைக்கு ஏறிவிட்டது. கத்தினேன். அப்படி ஒரு சாமியே கிடையாதுடா, தண்ணீர் கொடுத்துச் செத்த அந்தப் பொம்பளையை நான் ஒரு வியாழக்கிழமை ஆபீசில் உட்கார்ந்து பம்பு டிராயிங்குக்கு நடுவில் எழுதினேன், அவள் பேரைக்கூட நான்தான் வைத்தேன் என்று கத்தினேன். பக்கத்துப் பட்டறை ஆள் எட்டிப் பார்த்தார்.

"எங்க கொலசாமிக்கும் ஆரோ ஒருத்தர் வெச்ச பேர்தான" என்றான் அவன், பொறுமையாக.

காலில் விழாத குறையாகக் கெஞ்சினேன். கையெழுத்துப் போடு, அவளுக்கு ஒரு வாழ்க்கை இருக்கிறது என்றேன். "அவளுக்கு வாழ்க்கை எங்கூடத்தான். வருவா" என்றான். டீ சொல்லட்டுமா என்று கேட்டான். அவ்வளவு நாள் அவனுக்குள் ஏதோ சந்தேகம் அரித்துக்கொண்டிருந்திருக்கும் போல. நான் போய்ச் சொன்ன உண்மையால் அதுவும் தீர்ந்துபோனது.

இரண்டு நாள் தள்ளிப்போட்டுவிட்டு அவளைக் கூப்பிட்டேன். பொய் சொல்லத் தெம்பு இல்லை. ஆட்டம், கல், பூ, நான் செய்தது, அவன் சொன்னது எல்லாவற்றையும் சொன்னேன். அவள் பக்கம் பள்ளி மணி அடிக்கும் சத்தமும், பிள்ளைகள் ஓடும் சத்தமும் கேட்டன.

"எத்தன வருசம் காத்திருக்கோணும்னு அந்தப் பூவுல வந்துச்சுங்களாண்ணா?" என்று கேட்டாள்.

கிண்டலாகத்தான் கேட்கிறாள் என்று முதலில் நினைத்தேன். இல்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள்.

"இல்லைங்க அம்மணி" என்றேன்.

"சேரிங்ணா. நீங்க ஒண்ணும் மனசுல வெச்சுக்காதீங்க."

திட்டியிருக்கலாம். நாசமாய்ப் போ என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம், அது எனக்குத் தகும். அவள் திட்டவில்லை. பிறகு, "கிளாஸ் இருக்குதுங்க. வெச்சரட்டுங்களாண்ணா?" என்று கேட்டாள். நான் வைக்கச் சொன்ன பிறகுதான் போனை வைத்தாள்.