வேரா மன்னிக்காத எல்மர்

எங்கள் ஸ்லோகன் பள்ளத்தாக்கில் எல்மர் சவின்காஃபைத் தெரியாதவர்கள் கிடையாது. மர ஆலையில் ரம்பம் ஓட்டியவர். முதுகு போன பிறகு வீட்டோடு இருந்தார். நாங்கள் டூகபோர்கள், துப்பாக்கி தூக்க மாட்டோம் என்று சொல்லி ரஷ்யாவை விட்டுக் கனடாவுக்கு வந்தவர்களின் வாரிசுகள். ஈ, எறும்பை அடிக்க மாட்டோம். எல்மர் அண்ணன் ஒரு படி மேலே, ஈயை விரட்டினால் அதனிடம் மன்னிப்பும் கேட்பார். அந்த மனிதரை எங்களிடம் பிடித்துக் கொடுங்கள், பத்து வருஷம் உள்ளே வைக்கிறோம் என்று அமெரிக்கா கேட்டபோது எனக்கு உச்சி முதல் உள்ளங்கால் வரை பற்றிக்கொண்டு வந்தது.

எல்லாவற்றுக்கும் ஆரம்பம் அவர் மனைவி வேராவின் கால்கள். நரம்பு நோயில் இரண்டும் விறைத்துக்கொள்ளும், வலியில் துடிப்பாள். எந்த மாத்திரைக்கும் மசியவில்லை. யாரோ சொல்லி, எல்மர் கஞ்சா இலையைக் கொதிக்கவைத்துக் கொடுத்தார். வேரா அன்றைக்குத்தான் நிம்மதியாகத் தூங்கினாள். அவ்வளவுதான், மனிதருக்குச் சாமி வந்துவிட்டது. தபால் அலுவலக வாசலில், நோயாளிகளுக்குக் கஞ்சாவை அனுமதி என்று எழுதிய அட்டையைப் பிடித்துக்கொண்டு நின்றார். எல்லைக்கு அந்தப் பக்கம் அமெரிக்க ஊர்களுக்கும் போய்ப் பேசினார். சாதாரணமாக நாலு வார்த்தை பேசினால் மூன்றில் திக்குகிறவர், மருந்துக் கஞ்சா என்று ஆரம்பித்தால் நிறுத்த ஆள் வேண்டும்.

"ஊரெல்லாம் பேசு. வீட்டுல உப்பு தீந்துபோச்சுன்னா மட்டும் காது கேக்காது" என்பாள் வேரா.

அப்படிப் போன இடத்தில் சிநேகமானவன் க்ளிஃப் என்கிற அமெரிக்கன். அவன் கஞ்சாத் தோட்டத்தில் அமெரிக்கப் போலீஸ் புகுந்து, விதை எங்கிருந்து வந்தது என்று உலுக்கியபோது, தன் தலை தப்பினால் போதும் என்று எல்மர் பெயரைச் சொல்லிவிட்டான். எல்மர் ஒரு விதைகூட எல்லை தாண்டி அனுப்பியதில்லை. அவர் வீட்டில் இருந்ததே ஜன்னலோரம் வேராவுக்காக வளர்த்த செடிகள்தான்.

எல்மரைப் பிடிக்க வந்தபோது, பக்கத்து வீட்டுக்காரி நான், அவர்கள் வீட்டில் போர்ஷ்ட் சூப்புக்கு முட்டைக்கோஸ் நறுக்கிக்கொண்டிருந்தேன். எங்கள் போலீஸோடு அமெரிக்க அதிகாரி ஒருவரும் வந்தார். எல்மர் முதலில் கேட்டது, "சாப்பிட்டீங்களா?" பிறகு சட்டையை மாற்றிக்கொண்டு வாசலில் நின்று, வேராவுக்கு, எனக்கு, போலீஸுக்கு, அந்த அமெரிக்கருக்கு என்று ஒவ்வொருவருக்கும் இடுப்பு வரை குனிந்து, "என்னை மன்னிச்சிருங்க" என்றார்.

வீட்டை விட்டுக் கிளம்புகிறவர் குனிந்து மன்னிப்புக் கேட்பார். இருப்பவர், "தேவன் மன்னிப்பார், நீங்களும் என்னை மன்னிச்சிருங்க" என்று பதிலுக்குக் குனிவார். இது எங்கள் வழக்கம். போகிறவர் திரும்புவாரோ மாட்டாரோ, மனதில் கசப்பு மிச்சம் இருக்கக் கூடாது. பழைய ஆட்கள் பால் வாங்கப் போனால்கூட இதைச் செய்யாமல் படி இறங்க மாட்டார்கள். அந்த அமெரிக்கருக்கு இது எங்கே தெரியப் போகிறது? 'குற்றத்தை ஒப்புக்கொண்டு என் முன் குனிந்து மன்னிப்புக் கேட்டார்' என்று சத்தியம் செய்து எழுதிக் கொடுத்துவிட்டார்.

க்ளிஃப் பிறகு மனசாட்சி குத்தி, நான் சொன்னது பொய் என்று மாற்றிச் சொல்லிவிட்டான். எல்மரை அமெரிக்காவிடம் ஒப்படைக்கலாமா என்ற வழக்கில் மிச்சம் இருந்தது அந்த மன்னிப்பு ஒன்றுதான். எங்கள் வக்கீல் ஜோய்ஸ் நாகாட்டா வழக்கத்தை எவ்வளவோ விளக்கினாள். அமெரிக்காவுக்காக வாதாடிய எதிர்க்கட்சி வக்கீல் உதட்டைப் பிதுக்கினார். "கைதான பிறகு கண்டுபிடிச்ச வழக்கம். சாட்சி சொல்றதெல்லாம் இவர் ஆளுங்க. அதுவும் சத்தியம் பண்ண மாட்டோம்கறாங்க." சத்தியம் செய்வதும் எங்களுக்குக் கிடையாது. எப்போதும் உண்மை பேசுகிறவனுக்குத் தனியாக எதற்குச் சத்தியம்? ஆனால் அதுவும் எங்களுக்கு எதிராகவே திரும்பியது.

தீர்ப்பு நாள் காலையில், ஜாமீனில் வீட்டில் இருந்த எல்மரை அழைத்துப்போக நான்தான் வண்டி எடுத்துப் போனேன். வேராவால் அவ்வளவு தூரம் உட்கார்ந்து வர முடியாது. எல்மர் அவளைத் தூக்கி நாற்காலியில் உட்காரவைத்து, போர்வை போர்த்தி, எதிரே நின்று குனிந்தார்.

"என்னை மன்னிச்சிரு வேரா."

அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். "மாட்டேன்."

"வேரா..."

"மன்னிச்சா நிம்மதியாக் கெளம்பிப் போயிருவே. பத்து வருசம் என்னை யாரு தூக்கி உக்கார வைப்பா? இதோ நிக்கிற இந்த டினாவா? ஒரு பூசணிக்காயைத் தூக்கினாலே இவளுக்கு மூச்சு வாங்குது. மாட்டேன், போ!"

எங்கள் ஆட்களில் இப்படி ஒருத்தி சொல்லி நான் கேட்டதில்லை. வழியெல்லாம் எல்மர் வீட்டுப் பக்கமே திரும்பிப் பார்த்துக்கொண்டு வந்தார்.

நெல்சன் ஊரில் கூட்டத்தில் நீதிமன்ற வாசலே தெரியவில்லை. பள்ளத்தாக்கு முழுக்க அங்கே இருந்தது. எங்கள் பாட்டுக் குழுப் பெண்கள் பூப்போட்ட தலைத்துண்டோடு படியில் நின்று பாடிக்கொண்டிருந்தார்கள். ஜோய்ஸ் ஓடி வந்தாள்.

"எல்லாரும் கேட்டுக்குங்க. உள்ள ஒருத்தரும் குனியக் கூடாது! நாடகம் போடறாங்கன்னு அந்த வக்கீல் குதிப்பாரு. அண்ணே, முக்கியமா நீங்க!"

"சரிம்மா" என்றார் எல்மர்.

வாதம் முடிந்தது. நீதிபதியம்மா கடற்கரைப் பக்கத்துக்காரர், எங்களைப் பற்றி எதுவும் அறியாதவர். சாப்பாட்டுக்குப் பிறகு முடிவு சொல்வதாகவும், அதுவரை எல்மர் காவலில் இருக்க வேண்டும் என்றும் சொன்னார். மீசைக்காரக் காவலர் டேரில் விலங்கோடு வந்தார். எல்மர் எழுந்தார். எங்கள் பக்கம் திரும்பினார். ஜோய்ஸ் பல்லைக் கடித்துக்கொண்டு, "அண்ணே, வேண்டாம்" என்றாள். பாவம், ஏற்கெனவே ஒருத்தியிடம் மன்னிப்பு வாங்காமல் வந்த மனிதர், எப்படித் தாங்குவார்?

இடுப்பு வரை குனிந்தார். "என்னை மன்னிச்சிருங்க."

அடக்கிப் பார்த்தேன். முடியவில்லை. கூடம் மொத்தமும் எழுந்து குனிந்தது. "தேவன் மன்னிப்பார், நீங்களும் எங்களை மன்னிச்சிருங்க!" ஜோய்ஸ் தலையில் கை வைத்துக்கொண்டாள். எதிர்க்கட்சி வக்கீல் துள்ளி எழுந்தார். "பாருங்க அம்மா, ஒத்திகை பாத்துட்டு வந்திருக்காங்க!"

எல்மர் அவருக்கும் ஒரு தடவை குனிந்தார். கடைசியாக டேரிலுக்குக் குனிந்தார். டேரில் கையில் விலங்கோடு அப்படியே பதிலுக்குக் குனிந்து, "தேவன் மன்னிப்பார். நீங்களும் என்னை மன்னிச்சிருங்க அண்ணே" என்றார்.

எல்லாத் தலைகளும் டேரில் பக்கம் திரும்பின.

நீதிபதியம்மா கண்ணாடியைக் கழற்றினார். "காவலரே, நீங்க இவங்க ஆளா?"

"இல்லைங்கம்மா. எங்க தாத்தா ஸ்காட்லாந்துக்காரர். இவங்களுக்கு நடுவுல வளந்தேன், பாதி நாள் சாப்பாடு இவங்க வீட்டுலதான். வாய் தானா சொல்லிருச்சு." டேரிலுக்குக் காது வரை சிவந்துவிட்டது. "மன்னிச்சிருங்கம்மா."

"நீங்க என்ன குத்தம் செஞ்சீங்க?"

"ஒண்ணும் செய்யலைங்கம்மா!"

நீதிபதியம்மா எதிர்க்கட்சி வக்கீலை ஒரு பார்வை பார்த்தார். அவர் மெதுவாக உட்கார்ந்தார்.

அன்று யார் சாப்பிட்டது? திரும்பி வந்த நீதிபதியம்மா நிறையப் பேசினார். எனக்குக் காதில் விழுந்தது கடைசிதான். "இது குற்ற ஒப்புதல்னா என் காவலரையும் சேர்த்துத்தான் அமெரிக்காவுக்கு அனுப்பணும். வேற ஆதாரம் இல்லை. எல்மர் சவின்காஃப் வீட்டுக்குப் போகலாம்."

நான் போட்ட கூச்சலில் டேரிலின் தொப்பியே விழுந்தது. ஜோய்ஸ் என்னைக் கட்டிக்கொண்டு அழுதாள், நானும் அழுதேன். பாட்டுக் குழு அங்கேயே பாட ஆரம்பித்துவிட்டது, யாரும் தடுக்கவில்லை. எல்மர் மட்டும், "சீக்கிரம் போலாம் டினா, அவளுக்குக் கால் மரத்திருக்கும்" என்றார். ஏரிக்கரைச் சாலை முழுக்க ஹாரன் அடித்துக்கொண்டே ஓட்டினேன்.

வேரா ஜன்னலோரம் அதே நாற்காலியில் இருந்தாள். எல்மர் கதவைத் திறந்துகொண்டு போய் எதிரே நின்றார்.

"விட்டுட்டாங்க வேரா."

"தெரியும். இவ ஹாரன் அடிச்ச அடியில செத்தவங்களே எழுந்திருப்பாங்க."

அவர் மறுபடி குனிந்தார். "இப்பவாவது மன்னிச்சிரும்மா."

வேராவின் கன்னத்தில் கண்ணீர் ஓடியது. "மாட்டேன். சாகறவரைக்கும் மாட்டேன். மன்னிப்பு வாங்காம நீ எங்கயும் நிம்மதியாப் போக மாட்டியில்ல? அப்படியே கெட. மொதல்ல காலைப் புடிச்சு விடு."

எல்மர் தொப்பியைக்கூடக் கழற்றாமல் தரையில் உட்கார்ந்து அவள் காலை மடியில் எடுத்து வைத்துக்கொண்டார்.