மிக்கேல்ராஜை எதிர்த்து மிக்கேல்ராஜ்

மிக்கேல்ராஜுக்குச் சோறு போடுவது பள்ளிக்கூடப் பை தைக்கிற தொழில். பேர் வாங்கித் தந்தது வாய். மும்பை தாராவியில் அவர்கள் தெருப்பக்கம் கல்யாணமோ, மாதா கோயில் திருவிழாவோ, பட்டறைக்காரர் சங்கத்துப் பொங்கலோ, மைக் என்று ஒன்றை நட்டால் அதன் முன்னால் அவர் நிற்பார். பட்டிமன்றத்தில் எந்தப் பக்கம் கொடுத்தாலும் ஜெயிப்பார். போன வருஷம் மாமியாருக்காகப் பேசி ஜனங்களை அழ வைத்தார். அதற்கு முந்தின வருஷம் மருமகளுக்காக. இரண்டு தடவையும் அழுதது அதே ஆட்கள்தான். கைதட்டல் காதில் விழுந்துவிட்டால் மனுஷனுக்குச் சோறு தண்ணி வேண்டாம்.

அந்த வாய்தான் இந்த வருஷம் தெருவையே கவிழ்க்கப் பார்த்தது.

ஆரம்பித்தது ரஷீதா. மேலப்பாளையத்துக்காரி, தோல் பர்ஸ் பட்டறை நடத்துகிறவள். சங்கத்தின் வெள்ளிவிழாவுக்கென்று சேர்த்த பணத்தில் விருந்தும் அலங்கார வளைவும் வேண்டாம், மழைக்கு முன்னால் ஒவ்வொரு பட்டறையிலும் கரண்டு மெயின் போர்டையும் மோட்டாரையும் உயரத் தூக்கிவிடுவோம், சங்கத்து மாடியில் சரக்கு வைக்க ஒரு பொது கோடவுன் கட்டுவோம் என்று கூட்டத்தில் கேட்டாள்.

"மழை முன்ன மாதிரி இல்ல. ஒரு மாசத்து மழை ஒரே நாள்ல கொட்டுது. இன்னும் கூடும்னுதான் ஆராய்ச்சி பண்ணுதவங்க சொல்லுதாங்க. தண்ணி உள்ள வந்தா சரக்கு போயிரும், மோட்டார் போயிரும். பேங்க் லோன் மட்டும் போகாது" என்றாள்.

அவ்வளவுதான், தெரு இரண்டாகப் பிரிந்தது. ஒருவன் உண்மை என்றான். இன்னொருவன் போனில் வந்த வீடியோவைக் காட்டி, இதெல்லாம் சோலார் கம்பெனிக்காரன் கிளப்பிவிட்ட புரளி என்றான். டீக்கடையில் கிளாஸ் உடைந்தது. சங்கத் தலைவர் ஆறுமுகநயினாருக்குச் சண்டை என்றாலே ஆகாது. அவர் ஒரு வழி கண்டுபிடித்தார்.

"பட்டிமன்றம் வச்சிருவோம். யாரு ஜெயிக்காங்களோ, அந்தப்படி முடிவு."

காய்ச்சல் இருக்கிறதா என்பதைக் கைதட்டலை வைத்து முடிவு செய்வது உலகத்தில் நம் ஆட்களுக்கு மட்டுமே தோன்றும். யாருக்கும் அது விபரீதமாகப் படவில்லை. 'பருவநிலை மாற்றம்: வாசலுக்கு வந்த ஆபத்தா, வெறும் பூச்சாண்டியா?' என்று தலைப்பு எழுதி, சீட்டுக் குலுக்கினார்கள். மிக்கேல்ராஜுக்குப் பூச்சாண்டி விழுந்தது. மாற்றித் தாருங்கள் என்று கேட்க அவருக்குத் தோன்றவேயில்லை. எந்தச் சீட்டையும் அவர் மாற்றியதில்லை.

பட்டிமன்றத்தன்று ரஷீதா போனைப் பார்த்துப் பார்த்து விவரம் வாசித்தாள். ஜனம் கொட்டாவி விட்டது. பிறகு மிக்கேல்ராஜ் எழுந்தார்.

"ஒரு விஞ்ஞானி கடல் ஒரு அடி ஏறும்ங்கான். இன்னொருத்தன் மூணு அடிங்கான். அவன் ரெண்டு பேரும் மொதல்ல ராசியாவட்டும், பொறவு நம்ம விருந்த நிறுத்துவோம். சரி, பெரிய வெள்ளமே வருதுன்னு வையுங்க. தலைக்கு மேல வெள்ளம் போனா சாண் என்ன, முழம் என்ன? போர்ட சாண் தூக்கினா என்ன, முழம் தூக்கினா என்ன?"

விசில் கூரையைத் தூக்கியது. நடுவர் பூச்சாண்டிக்கே தீர்ப்புச் சொன்னார். அடுத்த ஞாயிறு பொதுக்குழுவில் கை தூக்கி விருந்தை உறுதி செய்ய வேண்டியதுதான் பாக்கி.

செருப்புப் போடும் இடத்தில் ரஷீதா அவர் பக்கத்தில் வந்து நின்றாள். முகத்தில் கோபமில்லை.

"நல்லாப் பேசுனிய அண்ணே. ஒங்க பட்டறையில மெயின் போர்டு எங்க இருக்குங்கத மட்டும் சொல்லாம விட்டுட்டிய."

மறுநாள் காலை பட்டறையைத் திறந்து, வழக்கம்போல ஸ்டூலில் ஏறி மெயினைப் போடக் கை நீட்டியவருக்குக் கை அப்படியே நின்றுவிட்டது. போர்டு அவர் தலைக்கு மேலே இருந்தது. 2005 ஜூலை வெள்ளத்தில் இடுப்பளவு தண்ணீர் வந்து மெஷின் எல்லாம் போன பிறகு அவரே தூக்கி வைத்தது. மோட்டார்களும் அப்படித்தான். தைத்த பைகள் பரணில். ஊருக்குத்தான் உபதேசம் என்பார்கள். அவர் அந்த உபதேசத்தையும் தலைகீழாகச் செய்திருந்தார். வெட்கம் பிடுங்கித் தின்றது.

"எறங்குங்க, கிறுகிறுப்பா வருதா?" என்றாள் மனைவி லூர்து மேரி.

"நான் சொன்னத நம்பி அம்புட்டு பேரும் போர்ட கீழயே வச்சிருப்பான் மேரி."

"அப்போ போய்ச் சொல்லுங்க."

"தோக்காத மனுஷன்னு பேரு எனக்கு. சிரிப்பாங்க."

"சிரிக்க வைக்கதுதான ஒங்க வேல" என்றாள் அவள், நூலைப் பல்லால் கடித்துக்கொண்டே.

பொதுக்குழுவில் அவர் மைக் கேட்டபோது ஆறுமுகநயினாருக்குப் புரியவில்லை.

"எதுக்கு வே? நீருதான் ஜெயிச்சிட்டீரே."

"ஜெயிச்சவனத் தோக்கடிக்கணும் அண்ணாச்சி."

ஜனம் சிரித்தது. அவர் காத்திருந்து, பிறகு தொடங்கினார்.

"போன வாரம் இங்க மிக்கேல்ராஜ்னு ஒருத்தன் பேசினான். நல்ல வாய். விஞ்ஞானி ஒத்துப்போகலன்னான். என் சுகருக்கு ஒரு டாக்டர் மாத்திரைங்கார், இன்னொருத்தர் ஊசிங்கார். சுகர் இருக்குங்கதுல ரெண்டு பேருக்கும் சண்டை இல்ல. ஒரு அடியா மூணு அடியாங்கதுதான் அவங்க சண்டை. ஏறுமாங்கதுல சண்டை இல்ல. இத அந்தப் பய மறச்சிட்டான்."

சிரிப்பு அடங்கியிருந்தது.

"தலைக்கு மேல போனா சாண் என்ன முழம் என்னன்னான். நம்ம தெருவுல தண்ணி தலைக்கு மேலயா போவும்? முட்டுக்கு வரும், இடுப்புக்கு வரும். அங்கதான் வே சாணும் முழமும். அதுதான் ஒருத்தன் பட்டறைய மறுநாள் தொறக்கதுக்கும், ஊருக்கு ரயில் ஏறுததுக்கும் உள்ள வித்தியாசம். ஸ்கூல் தொறக்க மாசமும் மழை தொறக்க மாசமும் ஒண்ணு. சரக்கு நெறஞ்சிருக்கப்பதான் தண்ணி வரும். பட்டிமன்றத்துல யாரு ஜெயிச்சான்னு கேட்டுட்டா வரும்?"

தண்ணீர் குடித்தார். மைக்கை இன்னும் கிட்டே இழுத்தார்.

"அந்த மிக்கேல்ராஜ் பட்டறைக்குப் போய்ப் பாருங்க. மெயின் போர்டு தலைக்கு மேல. மோட்டாரு மேல. சரக்கு பரண்ல. பூச்சாண்டிக்குப் பயப்படாதியன்னு ஒங்களுக்குச் சொல்லிட்டு, அவன் மட்டும் ஸ்டூல் போட்டு ஏறிக்கிட்டான். அவன் பேச்ச நம்பாதிய. அவன் போர்டப் பாருங்க. ரஷீதா கேட்டதுக்குக் கை தூக்குங்க."

உட்கார்ந்தார்; தலை நிமிரவில்லை. கைதட்டலுக்குப் பழகிய காது காத்திருந்தது. ஒரு தட்டல் இல்லை. ஒரு விசில் இல்லை. வாழ்க்கையில் முதல் தடவையாகத் தோற்றாயிற்று என்று நினைத்தார். ரஷீதாவின் முகத்தை எப்படிப் பார்ப்பது என்பதுதான் அவருடைய கவலையாக இருந்தது.

அப்போது மைக்கில் ஆறுமுகநயினார் குரல் கேட்டது.

"லூர்து மேரி, ஒரு ஆளுக்கு ஒரு கைதான். ரெண்டையும் தூக்கப்படாது."

மிக்கேல்ராஜ் நிமிர்ந்து பார்த்தார். போன வாரம் விசிலடித்தவர்கள், கிளாஸை உடைத்தவன், வீடியோ காட்டியவன், கடைசி வரிசை வரைக்கும் கை தூக்கியிருந்தார்கள். முன்வரிசையில் ரஷீதா கை தூக்க மறந்து, முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

தூக்கின கையை இறக்கினால்தானே தட்ட முடியும். ஆறுமுகநயினார் எண்ணி முடிக்கும்வரை ஒருவரும் இறக்கவில்லை.