சிவப்புக் கோட்டைத் தாண்டிய முள்

மதிப்பிற்குரிய ஐயா, அம்மையீர்,

சென்ற வாரம் பலத்த காற்று வீசிய மாலையில், கடல் கடந்து பக்குரங்காவிலுள்ள என் மகன் இல்லத்தில் விளக்குகள் ஒரு கணம் மங்கின. அவனது கணினியைக் காக்கும் பெட்டி மேசையடியில் ‘டக்’ என்றது. என் கை தானாகச் சுவரை நோக்கி நீண்டது.

எனக்குப் பதினொரு வயதிருக்கையில், மதுரைக்கருகே எங்கள் வீட்டுச் சுவரில் மாட்டியிருந்த ஸ்டெபிலைசரைக் கையால்தான் திருகவேண்டும். வயல்களில் பம்புசெட்டுகள் ஓடினால் மின்னழுத்தம் விழும். குமிழைத் திருகி உயர்த்துவோம். அவை நின்றால் அழுத்தம் ஏறும், உடனே இறக்கவேண்டும். தம்பியின் இன்சுலின் இருந்த ஃபிரிட்ஜுக்கு நானே காவல்.

ஒரு மாலை உயர்த்திவிட்டு, இறக்க மறந்து பாண்டியாடப் போய்விட்டேன்.

“ஏன்டி லைட்டு இப்படி வெள்ளையா எரியுது?” என்று அம்மா அலறினார். ஓடி வந்தேன். ஸ்டெபிலைசர் மீட்டரின் முள் சிவப்புக் கோட்டைத் தாண்டியிருந்தது. ஃபிரிட்ஜின் பின்னால் கருகிய வாடை.

“அக்கா, என் மருந்து போச்சா?” என்றான் தம்பி.

அப்பா ஐஸ் வாங்கச் சைக்கிளில் விரைந்தார். அவர் திரும்பும்வரை மருந்துக் குப்பியைப் பானைத் தண்ணீருக்குள் பிடித்துக்கொண்டிருந்தேன். மருந்து கெடவில்லை.

“அம்மா, இந்தப் பெட்டி அதுவா பார்த்து ஏத்தி இறக்கிக்கும். உட்காருங்க,” என்றான் மகன், சுவரை நோக்கி நீண்டிருந்த என் கையைப் பார்த்து.

அது மறந்தால்? நீட்டிய கையை இறக்காமலே, மறுகையால் மதுரையிலுள்ள தம்பியைத் தொலைபேசியில் அழைத்தேன்.

“என்னக்கா, மறுபடி வெள்ளையா எரியுதா?” என்று தம்பி சிரித்தான். அவன் குரலைக் கேட்ட பின்னரே கையை இறக்கினேன்.

இக்குறிப்பைத் தயைகூர்ந்து உங்கள் ஆவணக் காப்பகத்தில் பாதுகாத்து வையுங்கள்.