லிஜி இரண்டு முறை அழித்த கணினி

திருச்சூரில் ஒரு பேக்கரியின் மாடியில் இருக்கும் அந்தச் சின்ன மென்பொருள் கம்பெனியில் லிஜி சேர்ந்தபோது, பிள்ளை வளர்ப்பில் ஆறு வருடம் போயிருந்தது. முதல் பத்து நாளும் கணினியில் எதை எதை நிறுவுவது என்று கேட்டு அலைந்ததிலேயே கழிந்தது. ஆளுக்கு ஒன்று சொன்னார்கள். வீட்டில் உட்கார்ந்து தொழிலே மறந்துவிட்டதா என்று பக்கத்து மேசை ஷிபின் கேட்டான். அது அவளுக்குச் சுருக்கென்று தைத்தது.

அன்றே முடிவெடுத்தாள். தன் கணினிக்கு வேண்டியதையெல்லாம், பதிப்பு எண் உட்பட, ஒரே கோப்பில் எழுதிப் பென்டிரைவில் வைத்துவிடுவது. அதைப் படித்துக் கணினி தானே எல்லாவற்றையும் நிறுவிக்கொள்ளும். கையால் எதையும் போடுவதில்லை என்று தனக்குத்தானே சத்தியமும் செய்துகொண்டாள். ஏழு மாதம் எழுதினாள். எல்லோரும் இதற்கு மாறவேண்டும் என்று முதலாளி பவுலோஸை நச்சரித்தாள். அவர் ஒரு வெள்ளிக்கிழமை காலை, உன் கணினியை முழுக்க அழி, ஒரு மணி நேரத்தில் நம் ஆஸ்பத்திரி டோக்கன் மென்பொருள் அதில் ஓடினால் எல்லோரும் மாறுகிறோம், ஓடாவிட்டால் இந்தப் பேச்சையே எடுக்காதே என்றார்.

அழித்தாள். முப்பத்தைந்தாவது நிமிடம் மென்பொருள் ஓடியது. ஆனால் டோக்கன் சீட்டில் மலையாளம் வரவேண்டிய இடமெல்லாம் வெறும் கட்டம். என்றோ ஒரு அவசரத்தில் மலையாள எழுத்துருவை மட்டும் கையால் போட்டுவிட்டு, கோப்பில் எழுத மறந்திருந்தாள். சத்தியமும் லட்சணமும்! முகம் சுண்டிப்போனது.

"கல்யாண மண்டபம் ரெடி, மாப்பிள்ளையைத்தான் காணோம் சேச்சி," என்றான் ஷிபின், பருப்புவடையை மென்றுகொண்டே.

பவுலோஸ் இளகிய மனசுக்காரர். "கையாலயே போட்டுடு மோளே. ரெண்டு நிமிஷ வேலை. ஜெயிச்சதாவே வெச்சுக்கலாம்."

"வேண்டாம் சார்," என்றாள் லிஜி. கோப்பில் ஒரு வரி சேர்த்தாள். பிறகு கணினியை மறுபடியும் முழுக்க அழித்தாள். ஷிபின் மெல்லுவதை நிறுத்திவிட்டான்.

சீட்டு மலையாளத்தில் வந்தபோது எழுபத்தைந்து நிமிடம் ஆகியிருந்தது.

"தோத்துட்டேன் சார். ஆனா எது விட்டுப்போச்சுன்னு எனக்குத் தெரிஞ்சுது. உங்க மெஷினை இப்ப அழிச்சா என்னென்ன போகும்னு உங்களுக்குத் தெரியுமா?"

ஒன்பது வருடமாகக் கண்டதையும் போட்டு வைத்திருந்த தன் மடிக்கணினியைப் பவுலோஸ் அவள் மேசைக்குத் தள்ளினார்.

"முதல்ல என் மெஷினுக்கு எழுது," என்றார். "அழிக்கிறதை மட்டும் நான் இல்லாதப்ப செய்."