வாத்தியார் மில்லும் நாலு மணி அரிசியும்

ஒரே ஒரு ஊரிலே ஒரே ஒரு கடை இருந்ததாம். கடைக்கு ஒரு போர்டு இருந்ததாம். போர்டில் இருந்த பெயர் ஊரில் ஒருவருக்கும் தெரியாதாம். கடைகளின் வரலாற்றை நான்கு வரியில் எழுதி, போட்டோ எடுத்து, போன் மேப்பில் ஏற்றிவிடுவது என் தொழில். இதில் பாதிக் கதைகள் இப்படித்தான் தொடங்குகின்றன. திருச்சி வெயிலில் கடை கடையாக ஏறி, வாய் திறக்கும் முன்பே "ஒண்ணும் வேணாம் தம்பி" என்று கேட்டுத் திரும்பியிருக்கும் சக துன்பவாசிகளே, உங்களிடம்தான் சொல்ல முடியும்.

அப்பா எங்கே?

உறையூரில் ஒரு ஜவுளிக்கடை. அண்ணன் தம்பி பாகம் பிரித்து நடுவில் சுவர் எழுப்பியதில் இப்போது அது இரண்டு கடை. தம்பியின் கடைக்குப் போய், "கடையை ஆரம்பிச்ச பெரியவர் படம் இருந்தா ஒரு போட்டோ எடுத்துக்கிறேங்க" என்றேன். கல்லாவுக்கு மேலே ஆணி இருந்தது. சின்னதாக ஒரு சிவப்பு பல்பு எரிந்துகொண்டிருந்தது. படம் மட்டும் இல்லை.

திருடு போய்விட்டதோ என்று நான்தான் பதறினேன். அவர் நிதானமாக எனக்கு டீ சொல்லிவிட்டு, நடுச்சுவரைக் கை காட்டினார். "அப்பா இப்ப அண்ணன் முறையில இருக்காரு தம்பி. தை பொறந்தா நம்ம கடைக்கு வந்துருவாரு. நீங்க அப்ப வாங்க."

பதினாறாம் வாய்ப்பாடு

ஸ்ரீரங்கம் அடையவளஞ்சான் வீதியில் கலா அக்காவின் மாவு மில். பழைய கட்டடத்தை இடிக்கப்போவதால் பின்பக்கச் சந்துக்குள் மாறிவிட்டார். மாறிய நாளிலிருந்து ஓர் ஓட்டல்காரரைத் தவிர ஆள் வரவில்லை. வருகிற ஞாயிற்றுக்கிழமை துறையூரிலிருந்து ஒருவர் மிஷினை விலைக்குப் பார்க்க வருவதாக இருந்தது. "அதுக்குள்ள நாலு பேரு வந்தா மில்லு இங்கேயே இருக்கும். இல்லேன்னா மிஷினு துறையூர் போகும்" என்றார் அக்கா.

போர்டில் ஏதோ ஒரு சாமி பெயர். அந்தப் பெயரைச் சொல்லி அக்கம்பக்கத்தில் விசாரித்தால் எல்லோரும் உதட்டைப் பிதுக்கினார்கள். மாவு மில் என்றதும், "வாத்தியார் மில்லுன்னு சொல்லுங்களேன்!" என்றார்கள். மில்லை ஆரம்பித்த அக்காவின் அப்பா கணக்கு வாத்தியாராம். டின்னோடு வரும் பிள்ளைகள் பதினாறாம் வாய்ப்பாடு ஒப்பித்தால்தான் மாவு. சரி, 'வாத்தியார் மில்' என்றே ஏற்றினேன். வரலாறு கேட்டதற்கு, ஓடாத மிஷினைத் துடைத்தபடியே அக்கா சொன்னார்: "என்னத்த எழுத? மிஷினு சத்தத்துல யாரு என்ன சொன்னாங்கன்னு அப்பாவுக்குக் கேக்கவே கேக்காது தம்பி. வாய் அசையுதான்னு பார்த்துட்டு மாவைக் கொடுத்துருவாரு."

நாலு மணி

எங்கள் ஆப்பில் நேரத்துக்கு இரண்டே கட்டம்: திறப்பது, மூடுவது. எட்டு முதல் எட்டு என்று போட்டேன். மில்லுக்கு இன்னொரு கணக்கு இருப்பது எனக்குத் தெரியாது. காலையில் அரிசி, அப்புறம் கோதுமை, மூன்று மணிக்கு மேல்தான் மிளகாய். மிளகாய் ஓடிய மிஷினில் அன்று வேறெதுவும் அரைக்க மாட்டார்கள். பழைய ஆட்களுக்கு இது மனப்பாடம். மேப்புக்கு எப்படித் தெரியும்?

மேப் பார்த்து வந்த முதல் ஆள் ஒரு மாமி. புதன்கிழமை, மாலை நாலு மணி. கையில் ஊறவைத்து உலர்த்திய முறுக்கு அரிசி. அந்த ஓட்டலுக்கு மிளகாய் அரைத்து அப்போதுதான் முடிந்திருந்தது. "பேத்திதான் போன்ல பார்த்துச் சொன்னா, திறந்திருக்குன்னு. பொண்ணுக்குச் சீமந்தம். ஈர அரிசி, நாளைக்கு வச்சா புளிச்ச வாடை வந்துடும்மா" என்றார் மாமி. விட்டுப்போன ஒரு போட்டோவுக்காக வந்திருந்த நான் தும்மிக்கொண்டே சுவரோடு ஒட்டி நின்றேன்.

அக்கா மிஷினைக் கழற்றித் தட்டினார், துடைத்தார். பிறகு உள்ளே போய்த் தன் வீட்டு அரிசியைக் கொண்டுவந்து கொட்டி ஓட்டினார். சிவப்பாக விழுந்தது. மறுபடி ஓட்டினார், ரோஸ் நிறம். வெள்ளையாக விழும் வரைக்கும் வீட்டு அரிசி போய்க்கொண்டே இருந்தது. கடைசியில்தான் மாமியின் அரிசி. மாமி ஒரு சிட்டிகை நாக்கில் வைத்துப் பார்த்துவிட்டு, அக்காவின் முகத்தைப் பார்த்தார். "மாவுல துளிக்கூட காரம் இல்லை. எல்லாம் உன் கண்ணுக்குப் போயிடுத்தேம்மா."

துறையூர்க்காரர்

கைமுறுக்கு தனியாளாகச் சுற்றுகிற பட்சணம் இல்லை. மாமி வீட்டுக்குச் சுற்ற வந்த தெருப் பெண்கள் எல்லோரும் அந்த மாவைத் தொட்டுப் பார்த்திருக்கிறார்கள். வீட்டுக்கு வீடு முறுக்குச் சுற்றும் ஸ்ரீஜயந்தி வேறு நெருங்கிக்கொண்டிருந்தது. ஞாயிறு காலை நான் நேரத்தைத் திருத்தப் போனால், சந்து முனை வரைக்கும் டின்னும் தூக்குமாக வரிசை. "வாத்தியார் மில்லு மூடியாச்சுன்னு நினைச்சோமே கலா, சொல்லப்படாதா?" என்று ஆளாளுக்கு அக்காவைக் கோபித்துக்கொண்டார்கள்.

வரிசைக்கு நடுவே மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டையில் துறையூர்க்காரர். கூட்டம் குறைந்ததும் மிஷினைப் பார்க்கலாம் என்று காத்திருந்தார். அக்கா அவரை நிமிர்ந்துகூடப் பார்க்காமல், "அண்ணே, அந்த டின்னை இப்படித் தள்ளுங்க... அந்தச் சல்லடையை எடுங்க" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். அவரும் தள்ளினார், எடுத்தார், ஒரு பாட்டியின் தூக்குக்கு மூடிகூடப் போட்டுக் கொடுத்தார்.

கடைசி டின்னும் போன பிறகு சட்டையைத் தட்டிக்கொண்டு எழுந்தார். அப்போதுதான் அக்கா அவரை நிமிர்ந்து பார்த்தார். "விக்கிற மிஷினைப் பாக்கத்தாம்மா வந்தேன். என்னையே வேலைக்குச் சேத்துக்கிட்டீங்க. ஆள விடுங்க, பஸ்ஸைப் பிடிக்கணும்" என்றபடி சந்து திரும்பிப் போனார்.

இந்த வேலையில் சம்பளம் மாதத்துக்கு ஒரு முறைதான் வருகிறது, டீயும் முறுக்கும் தினமும் வருகின்றன என்பதால், வீட்டில் யார் கேட்டாலும் நல்ல உத்தியோகம் என்றே சொல்லிக்கொண்டிருக்கிறேன்.