ஒஸ்தா மாமாவின் கத்தி

தோழிகளே, இந்த நேரத்தில் எழுதுவதற்கு மன்னியுங்கள். மகன் இப்போதுதான் தூங்கினான்.

இன்று கல்முனை பஸ்ஸில், சுன்னத்துச் செய்யும் ஒஸ்தா மாமா எங்களுக்கு முன் சீட்டில் இருந்தார்.

"என்ன புள்ள, மகனுக்கு எப்ப சுன்னத்து?"

"இவன்ட ரத்தம் உறையாது மாமா. கொழும்பில ஆராய்ச்சி செய்யிற டாக்டர்மார் ரத்தம் எடுத்துப் பாத்துத்தான் சொன்னாங்க. உறையிற மருந்து ஏத்தாமக் கத்தி வைக்கப்படாதாம்."

அவர் சிரித்தார்.

"சாம்பல அப்பினா நிக்காத ரத்தமும் இருக்கா?"

வெற்றிலைப் பைக்குள் கைவிட்டுக் கத்தியை எடுத்து, இடுப்பில் கட்டியிருந்த சாரத்தில் துடைத்துக் காட்டினார். அலகில் சுண்ணாம்பு ஒட்டியிருந்தது.

பக்கத்தில் இருந்த என் மாமியோ, "இவ படிச்சவ, இப்பிடித்தான் கதைப்பா. நீங்க பிறை கண்டதும் வாங்க" என்று நாளே குறித்துவிட்டார். என் கணவர் உம்மா சொல்லைத் தட்டமாட்டார்.

போன கிழமை தடுக்கி விழுந்த மகனின் முழங்கால் இன்னும் வீங்கித்தான் இருக்கிறது.

சாம்பலைப் பற்றிக் கொழும்பில் இன்னும் ஆராயவில்லை போலும்!

அங்கே இருப்பவர்கள் யாராவது அந்த டாக்டர்களில் ஒருவரிடம், வீட்டில் வெட்டக்கூடாது என்று முத்திரை குத்திய கடிதமொன்று வாங்கி அனுப்புங்கள். என் வாயை நம்பாத மாமி முத்திரையை நம்புவார். பிறைக்குப் பத்து நாள்தான் இருக்கிறது.

சீக்கிரம் பதில் போடுங்கள்.